கல்லைக் காணாத குறிஞ்சி

"படைப்பாளிக்கு மலையின் அழகு போதும்; அது எந்தக் கல் என்பது குவாரிக்காரனின் கவலை" என்றார் அண்மையில் இலக்கிய நண்பர் ஒருவர். அவையில் கைத்தட்டல் எழுந்தது. எனக்கோ அது மரபின் பெயரால் பேசப்பட்ட சோம்பலாகவே பட்டது.

தொல்காப்பியர் கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை எண்ணுகிறார். கல் அப்பட்டியலில் இல்லை. ஆயினும், அவை போன்ற பிறவும் சேரும் என்று வாசலைத் திறந்தே வைத்தார். அவ்வாசலில் கல் இன்னும் காத்து நிற்கிறது.

விளைவு, நம் புனைகதைகளில் எல்லா மலையும் ஒரே மலை. முகில் தவழும், அருவி விழும். செஞ்சியா நீலகிரியா என்று பெயரைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

மலைக்கு முகம் தருவது கல்லும் அதை அரிக்கும் மழையும் வெயிலுமே. செஞ்சியின் கிரானைட், நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியது. மேற்சுமை அரிபட்டு நீங்கியபோது விரிந்து பிளவுகண்டது. பிளவுகளில் இறங்கிய நீர் மூலைகளைத் தின்றது. எஞ்சியவையே, யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற அவ்வுருண்டைக் கற்கள்.

நீலகிரியின் சார்னோக்கைட் வேறு பிறவி. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் அருகிய சூழலில் உருமாறிய வன்கல் அது. அந்த உயர்ந்த மேட்டுநிலத்தைத் தாங்கி நிற்பது அதுவே.

அதே மேற்குத் தொடர்ச்சி மலை மகாராஷ்டிரத்தில் தட்டை உச்சியும் படிக்கட்டுச் சரிவுமாய்த் தோன்றுவது ஏன்? ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காய்ப் பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பசால்ட், அங்கே மலையாயிற்று.

சார்னோக்கைட்டின் மூல இடம் நம் பல்லாவரம். பெயரோ, கொல்கத்தாவில் அக்கல்லின் கீழ் உறங்கும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகருடையது. 1893இல் ஹாலந்து என்னும் நிலவியலாளர் இட்டது. திணை வகுத்த நாம், நம் கல்லுக்குப் பிறர் பெயரிடும்வரை அதைக் கண்டோமில்லை.

இது வெறும் ரசனைக் குறை அன்று. 'வெறும் கல்' என்ற சொல்தான் குவாரியின் முதல் வெடி. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டிப் பகுதி மக்கள் 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு எதிராக எழுந்து, 2025 ஜனவரியில் அதன் ஏலம் ரத்தாகும்வரை ஓயவில்லை. அவர்களுக்குத் தம் குன்று எதுவென்று தெரிந்திருந்தது. குறிஞ்சியை வகுப்பில் நடத்தும் நமக்குத் தெரியுமா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.