வரியும் வழிகாட்டியும்

யானை புகுந்த வயலை உவமை காட்டிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரையை நாம் வகுப்பிற் பன்முறை விளக்கியுள்ளோம். அறிந்து வரி கொள்ளுதல் அரசின் கடன். அறிந்து வரி இறுத்தல் குடிகளின் கடன் அன்றோ?

அவ்வறிவைத் தாமே தேடிக்கொள்வோமெனின், விதிகள் ஓரிடத்து நிற்பதில்லை. இலங்கையில் 2020 இல் தனியாளின் ஆண்டு வருமானத்தில் 30 இலட்சம் ரூபா வரை வரியில்லை. 2023 சனவரியில் அவ்வெல்லை 12 இலட்சமாகக் குறைந்தது. 2025 ஏப்பிரலில் 18 இலட்சமாக உயர்ந்தது. அதே ஏப்பிரலில், வைப்பு வட்டியில் வங்கி முற்படக் கழிக்கும் வரி நூற்றுக்கு 5 இலிருந்து 10 ஆயிற்று. வருமானம் 18 இலட்சத்தை மேவாதோர் உரிய பிரகடனத்தை வங்கியிற் சமர்ப்பிப்பின் அக்கழிவு இல்லை. வட்டியையே நம்பி ஜிந்துப்பிட்டியில் வாழும் முதியவர் இதனை அறியாராயின், இறுக்க வேண்டாத வரியை இறுத்துவிட்டு, அதனை மீளப்பெற அலைதல் வேண்டும்.

ஆதலின், தேர்ந்த கணக்காளருக்கு அளிக்கும் ஊதியம் வீண் செலவன்று. அவர் வருமானத்தை மறைக்கக் கற்பிப்பவரல்லர்; சட்டம் தரும் சலுகையைத் தவறவிடாது காப்பவர். நவம்பர் 30 இல் விவரத்திரட்டு ஒப்படைக்கும் அவசரத்திலன்றி, ஏப்பிரல் 1 இல் வரியாண்டு பிறக்கும்போதே அவரை நாடுதல் முறை.

ஊதியம் அளிக்க இயலாதோர் யாது செய்வர்? கணக்கியல் கற்றுயர்ந்த பழைய மாணவர், ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு மாலைப் பொழுதை அன்னோர்க்கு ஒதுக்குவாராக. கல்லூரி விழாவிற்கு அதனினும் சிறந்த காணிக்கையை நாம் அறியோம்.