படத்துக்குக் கீழே என்ன எழுதுவீர்கள்?



ஒரு வீரரின் படத்தை வரைந்து, சுவரில் மாட்டி, மாலை போட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

2025 டிசம்பர் 16 அன்று, டில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் பரம்வீர் சக்ரா விருது பெற்ற 21 பேரின் உருவப்படங்கள் திறந்து வைக்கப்பட்டன. அவர்களில் விமானப் படையைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் நிர்மல்ஜித் சிங் செக்கோன்.

தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞர். படத்தைப் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். அவர் செய்தது என்ன?

1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே செக்கோன் தமது சிறிய 'நாட்' விமானத்தில் மேலே கிளம்பினார். எதிரி விமானங்களில் ஒன்றைச் சுட்டார். இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார். கடைசியில் அவருடைய விமானமும் சுடப்பட்டு மலைப்பகுதியில் விழுந்தது. அவரது உடல் கிடைக்கவே இல்லை!

லூதியானா மாவட்டத்து இசேவால் கிராமத்திலிருந்து போனவர் திரும்பி வரவில்லை. அவரைப் பார்க்க மிஞ்சியிருப்பவை படமும் சிலையும்தான். அதனால்தான் படத்தோடு அவர் கதையும் இருக்க வேண்டும் என்கிறேன்.

இது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் உள்ளன. வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவத்தோடு, அவன் பெயர், ஊர், எதற்காக உயிர் விட்டான் என்பதையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். மாடுகளை மீட்கப் போய் இறந்த சாதாரண ஆளின் பெயரைக்கூட இன்று நம்மால் படிக்க முடிகிறது.

அதே மாவட்டத்தில்தான் தெள்ளாரும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் அங்கே பெரும் போரில் வென்றான். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயரும் பெற்றான். அவனுக்காகப் போரிட்ட வீரர்கள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எழுதி வைத்தால்தானே தெரியும்!

போர் நல்லதல்ல. அது எத்தனை வீடுகளை வெறுமையாக்கும் என்பதும் அந்தக் கதைகளில்தான் புரியும்.

அடுத்த முறை பள்ளியில் ஒரு வீரரின் படம் வரைந்தால், கீழே மூன்று வரி எழுதுங்கள். பெயர், ஊர், செய்த செயல். எழுதுவதற்காக நாலு பேரிடம் கேட்பீர்கள், புத்தகம் புரட்டுவீர்கள். பிறகு அவரை மறக்கவே மாட்டீர்கள்!

என்ன, செய்வீர்கள்தானே?