மேலோர் நோக்கமும் குழுவினர் வேலையும்

இக்காலத்துப் பெரிய வணிக ஸ்தாபனங்களை உற்று நோக்குவார்க்கு ஒரு விந்தை புலப்படும். மேலிருப்போர் ஆண்டின் தொடக்கத்தில் பெருநோக்கமொன்றை வகுத்து அறிவிக்கின்றனர். கீழிருக்கும் சிறு குழுவினர் இரண்டு வாரத்திற்கொரு முறை தம் வேலையைத் தவறாது முடித்துக் காட்டுகின்றனர். இரு சாராரும் உழைப்பிற் குறைந்தவரல்லர். ஆயினும் ஆண்டிறுதியிற் கணக்குப் பார்க்குங்கால், வகுத்த நோக்கத்திற்கும் முடிந்த வேலைக்கும் யாதொரு தொடர்பும் காணப்படாமை பலவிடத்தும் உண்டு. அப்பொழுது குழுவினர்மேற் பழி சுமத்துதலே வழக்கம். அவ்வழக்கத்தை நாம் ஒப்பமாட்டோம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து ஸ்னோபேர்ட் என்னும் மலையிடத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வகுத்தனர். ‘அஜைல்’ என இன்று வழங்கும் முறைக்கு அப்பெயரை அளித்தது அக்கூட்டமே. வேலையைச் சிறு சிறு பகுதியாய் முடித்து, வாங்குவோரிடம் காட்டி, அவர் சொற்கேட்டுத் திருத்திச் செல்லுதல் அதன் சாரம். எட்டொன்பது பேர் ஓரறையிலமர்ந்து செய்யும் வேலைக்கு இஃது எத்துணைப் பொருத்தம்! கேட்போன் கருத்தும் செய்வோன் கையும் அவ்வறையிலேயே சந்தித்தன. குழுக்கள் நூறாகவும் முந்நூறாகவும் பெருகியபொழுதோ அச்சந்திப்பு அற்றுப்போயிற்று. இடையே அதிகாரிகள் பலர் வந்தமர்ந்தனர். நோக்கம் அவர் கைம்மாறிக் கைம்மாறி இறங்குகையில் காரணம் உதிர்ந்து, வேலைப்பட்டியல் மட்டுமே குழுவைச் சேருவதாயிற்று.

ஓர் உதாரணம் கொள்வோம். வாடிக்கைக்காரர் தம் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்க வேண்டுமென்று ஒரு பாங்கியின் தலைவர் விரும்புகிறார். அவ்விருப்பம் குழுவை எட்டும்பொழுது, ‘முதற்பக்கத்திற் பெரிய பொத்தான் ஒன்று வைக்க’ என்னும் கட்டளையாகிறது. குழுவினர் வைத்துவிட்டனர், வேலை முடிந்ததென்று ஏட்டிலும் ஏறிற்று. ஆனால் மக்கள் நடுவழியில் விட்டுப்போவது, அடையாளச் சீட்டைப் படமெடுக்கும் பக்கம் பழுதாயிருப்பதனால் என்பதை அக்குழுவில் ஒரு வாலிபன் அறிவான். அவனை எவரும் கேட்கவில்லை. கேளாமற் சொல்லுதற்கு அவனுக்கு நோக்கமே தெரிவிக்கப்படவில்லை. இவ்வாறு இரண்டு ஆண்டு கழிந்தால், அறிவுள்ள அவ்வாலிபன் யாதாகிறான்? சொன்னதைச் செய்து வாய்மூடி இருக்கக் கற்றுக்கொள்ளுகிறான். ஸ்தாபனத்திற்கு இதினும் பெரிய நஷ்டம் நமக்குத் தோன்றவில்லை.

ஹாலந்து தேசத்து ஐ.என்.ஜி. பாங்கி 2015-இல் தன் தலைமைக் காரியாலயத்தார் சுமார் 3,500 பேரை ஒன்பதின்மர் கொண்ட ஏறத்தாழ 350 குழுக்களாகவும், அக்குழுக்களை 13 ‘டிரைப்’களாகவும் பிரித்தது. பழைய உத்தியோகம் எவர்க்கும் நிலையாகாமல், அனைவரும் புதிதாகத் தெரிந்தெடுக்கப்பட வேண்டியதாயிற்று. இத்துணிவையே பலரும் வியந்து பேசுவர். (வேலைக்கு அஞ்சி நின்றவர் நெஞ்சையும் அவ்வியப்போர் சிறிது எண்ணியிருக்கலாம்.) நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. மும்மாதத்திற்கொரு முறை ஒவ்வொரு டிரைபும், சென்ற காலாண்டிற் செய்ததென்ன, கற்றதென்ன, இனிக் கருதுவதென்ன, அதற்கு எவர் துணை வேண்டும் என்பவற்றை எழுதி, ஏனையோர் அனைவரும் படிக்குமாறு திறந்து வைத்தது. வெற்றியோடு தோல்வியும் அவ்வேட்டில் இடம்பெற்றது. ஜப்பானியத் தொழிற்சாலைகளிலும் ‘ஹோஷின் கன்ரி’ என்றொரு முறையுண்டு. மேலோர் குறியைக் கீழே எறிய, கீழோர் ‘இஃது இயலும், இஃது இயலாது’ என்று பந்துபோல் திருப்பி எறிவர். அவ்வாறு சிலமுறை போய்வந்த பின்னரே குறி நிலைபெறும்.

எருசலேமின் அலங்கத்தை நெகேமியா கட்டுவித்த வரலாற்றை நம் மாணவர் அறிவர். பலரும் தத்தம் வீட்டிற்கெதிரே உள்ள பங்கையே கட்டினர். தம் பங்கு எதன்பொருட்டென்று அவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அலங்கத்தில் ஆள்கள் தூரதூரமாய்ப் பிரிந்து நின்றமையால், எக்காளம் ஊதுவோன் ஒருவன் தலைவனருகே இருந்தான். 52 நாளில் வேலை முடிந்தது. இன்றைய ஸ்தாபனங்களில் எக்காளத்திற்குக் குறைவில்லை. நாளொன்றுக்குப் பத்து முறை ஊதப்படுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு திசைக்கு அழைக்கிறது.

இங்கேதான் மேலோர் செய்யத் தயங்கும் காரியம் இருக்கிறது. புதிய நோக்கத்தை அறிவிப்பது எளிது. அதன்பொருட்டு எதனைக் கைவிடுகிறோமென்று பெயர் சுட்டிச் சொல்லுதல் அரிது. கைவிடும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஓர் அதிகாரியின் மதிப்பு நிற்கிறதன்றோ? அதனால் பழைய வேலைகள் யாவும் நிற்க, புதியது அவற்றின் தலைமேல் ஏற்றப்படுகிறது. குழுவினர் எல்லாவற்றையும் சிறிது சிறிது செய்து எதனையும் முடியாது களைக்கின்றனர். வேலைகளை எண்ணும் சட்டங்களும் அட்டவணைகளும் எத்தனை வாங்கினும் இக்களைப்பு நீங்காது.

ஆகவே காலாண்டுக் கூட்டம் கூடும்பொழுது, கைவிட்டவற்றின் பட்டியலைத் தலைவர் முதலில் எழுந்து வாசிக்கட்டும். பின்னர் நோக்கத்தையும் அதன் காரணத்தையும் கூறட்டும். அதன்பின் அவ்வாலிபனைப் பேசவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை இடையிலுள்ள அதிகாரிகள் பொறுத்திருக்கட்டும்.