பெண் வீரருக்கு எது கவசம்? பூந்தமல்லி ‘செட்’டும் ஆவடி தையலும்

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் போனால், சினிமாவுக்காகப் பிரம்மாண்ட ‘செட்’கள் எழும்பும் படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத ஆவடியில், ராணுவத்துக்கான சீருடைகளையும் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளையும் தயாரிக்கும் படைத்துறை உடை தொழிற்சாலை இயங்குகிறது. ஒரே புறநகர் வட்டாரத்தில் கற்பனை வீரர்களுக்கும் நிஜ வீரர்களுக்கும் உடை தயாராகிறது. அணிபவர் பெண் என்றால் இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த உடை யாருக்காக வடிவமைக்கப்படுகிறது?

‘இரும்பு பிகினி’ எங்கிருந்து வந்தது?

1973-ல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் ரெட் சோன்யா என்ற வாள்வீராங்கனை அறிமுகமானபோது, உடலை மறைக்கும் சங்கிலிக் கவசச் சட்டைதான் அணிந்திருந்தார். அடுத்த ஆண்டே ஸ்பெயின் ஓவியர் எஸ்தபான் மரோட்டோ அதை இரும்பு பிகினியாக மாற்றி வரைந்தார். அந்தத் தோற்றமே நிலைத்துவிட்டது. பின்னர் வந்த பல வீடியோ கேம்களிலும் இதே கதைதான். ஒரே கவசத்தை ஆண் பாத்திரம் போட்டால் கழுத்து முதல் கால்வரை மூடும். பெண் பாத்திரம் போட்டால் வயிறும் தொடையும் வெளியே தெரியும்.

உடலை முழுக்க மூடினாலும் சிக்கல் தீர்வதில்லை. மார்பின் வடிவத்தை அப்படியே இரும்பில் வார்க்கும் கவசங்கள் இன்னொரு வகை. பழைய ஐரோப்பிய மார்புக் கவசங்கள் பலவற்றில் நடுப்பகுதி புடைத்து, பக்கவாட்டில் சரியும். வாளோ ஈட்டியோ பட்டால் வழுக்கி வெளியே விலக வேண்டும் என்பதே கணக்கு. இரண்டு மேடுகளும் நடுவில் பள்ளமும் இருந்தால், அடி நேராக நெஞ்செலும்பை நோக்கி இறங்கும். தவிர, கவசத்துக்கு உள்ளே தடித்த பஞ்சுச் சட்டை போட்டாக வேண்டும். அதைப் போட்ட பிறகு வெளியே தெரிய உடல் வடிவம் ஏது?

“கற்பனைதானே, இதுல என்ன லாஜிக்?”

இந்த வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. கிரேக்க, ரோமானியத் தளபதிகளும் தசைகள் புடைத்த மார்புக் கவசம் அணிந்தார்கள். ஆனால் அந்த அலங்காரம் அணிந்தவரின் பலத்தைக் காட்டியது, வயிற்றையும் மூடியது. பெண் பாத்திரத்தின் கவசமோ பெரும்பாலும் பார்ப்பவரின் கண்ணுக்காகவே வரையப்படுகிறது.

2015-ல் வெளியான ‘பாகுபலி’ முதல் பாகத்திலும் இந்த விவாதம் எழுந்தது. போராளியான அவந்திகாவுடன் சண்டையிட்டுக்கொண்டே நாயகன் அவர் கூந்தலை அவிழ்த்து, உடையை மாற்றி, மை தீட்டி ‘அழகாக்கும்’ காட்சியைப் பல விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். இயக்குநர் ராஜமௌலி அதை ஏற்கவில்லை. அந்தக் காட்சியில் மாறுவது வெறும் உடையில்லை. கையில் ஆயுதத்தோடு வந்த போராளி, சில நிமிடங்களில் காதலியாக மட்டும் ஆகிவிடுகிறார்.

நிஜத்தில் 1943-லேயே இதற்கு வேறு பதில் இருந்தது. சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கி, கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் மலேயா தமிழ்ப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பயிற்சிக்கும் அணிவகுப்புக்கும் அவர்கள் அணிந்தது காற்சட்டையும் சட்டையும் தொப்பியும்தான்.

நிஜக் கவசத்தில் என்ன பிரச்சினை?

இங்கே நிலைமை தலைகீழ். சினிமாவில் பெண்ணின் உடல் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பாதுகாப்புக் கவசத்திலோ பெண்ணின் உடல் கணக்கிலேயே வராமல் போனது. உலகம் முழுவதும் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகள் நெடுங்காலம் ஆண்களின் அளவில்தான் தைக்கப்பட்டன. ‘சின்ன சைஸ் குடுத்தா போதும்’ என்பதே பொதுவான தீர்வு.

அது போதவில்லை என்று அமெரிக்க ராணுவப் பெண்களின் அனுபவம் காட்டியது. ஜாக்கெட் நீளமாக இருந்ததால் உட்காரும்போது இடுப்பில் இடித்தது. உடலோடு பொருந்தாமல் இடைவெளி விழுந்தது. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் சரியாகப் பதிக்க முடியவில்லை. 2012-ல் பெண்களுக்கான தனி வடிவத்தைச் சோதித்து, அதன் பிறகே அந்நாட்டு ராணுவம் அதை வழங்கத் தொடங்கியது.

சாதாரண ரவிக்கைக்கு இரண்டு ‘டாட்’ பிடித்தால் வேலை முடிந்தது. குண்டு தடுக்கும் துணியில் அது சுலபமில்லை. பல அடுக்குகளை வெட்டித் தைக்கும் இடமே பலவீனமாகிவிடலாம். அதனால் மடித்தும், அச்சில் அழுத்தியும் வளைவு கொண்டுவருகிறார்கள். முன்னால் செருகும் கடினத் தகட்டை மடிக்கவும் முடியாது. அதன் அளவையும் வளைவையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ஆக, சினிமா வார்க்கும் மார்பு வடிவமும் தீர்வில்லை. ஆண் ஜாக்கெட்டைச் சுருக்கித் தருவதும் தீர்வில்லை. நீளம், தோள், இடுப்பு என மொத்த அளவையும் புதிதாக எடுக்க வேண்டும்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

சில முயற்சிகள் நடந்துள்ளன. சி.ஆர்.பி.எஃப். பெண் வீரர்களுக்காகக் கலவரத் தடுப்பு உடல் கவசம் ஒன்றை டி.ஆர்.டி.ஓ.வின் உடலியல் ஆய்வகம் தனியாக வடிவமைத்தது. இருபாலரும் அணியக்கூடிய ‘சக்தி’ என்ற ஜாக்கெட்டை ராணுவ அதிகாரி அனூப் மிஸ்ரா உருவாக்கினார்.

தேவை வேகமாகக் கூடுகிறது. தமிழ்நாட்டில் 1973-ல் ஒரு சிறு குழுவாகக் காவல்துறையில் சேர்ந்த பெண்கள், 2003-ல் கமாண்டோ படைவரை வந்துவிட்டார்கள். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து 2023 ஏப்ரலில் 5 பெண் அதிகாரிகள் முதல்முறையாகப் பீரங்கிப் படைக்குச் சென்றார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள்.

கடினத் தகடு செருகிய ஜாக்கெட் 8 கிலோவைத் தாண்டுவது சகஜம். பொருந்தாத ஜாக்கெட்டில் அந்த எடை முழுவதும் தோளிலும் முதுகிலும் இறங்கும். நாள் முழுக்கக் காவல் நிற்கும் பெண் காவலர் அதைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுக்கொண்டால், பாதுகாப்பும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும்.

எனவே கவசம் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் பார்க்க வேண்டியவை இரண்டு: அளவுப் பட்டியலில் பெண்களின் அளவு தனியாக இருக்கிறதா? ஒப்புதல் தருவதற்கு முன் பெண்கள் அதை அணிந்து ஓடி, குனிந்து, சுட்டுப் பார்த்தார்களா? சினிமாவுக்கு உடை வரைபவர்களும் இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணால் குனிந்து ஒரு வாளை எடுக்க முடியுமா?