தாருக்கு டயர்... தார் ரோட்டுக்கும்தான்!

அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடியோ, முதல் சம்பளத்துல டியூ கட்டியோ ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கியாச்சு. அடுத்த வாரமே நாலு பேர் வருவாங்க. ‘‘மச்சி, டயரை மாத்துடா, கெத்தா இருக்கும்!’’னு உசுப்பேத்துவாங்க. அங்கேதான் நீங்க பிரேக் போடணும்.

என் நண்பன் ஒருத்தன் போடலை. தன் தாருக்கு எம்.டி., அதாவது மட் டெரெய்ன் டயர் மாட்டினான். பார்க்க டிராக்டர் மாதிரி மிரட்டும். ஆனா வாரத்துல ஆறு நாள் அது ஓடினது ஓ.எம்.ஆர்.லதான். முதல் மழையில சிக்னல்ல பிரேக் அடிச்சான். வண்டி வழுக்கிட்டே போய், முன்னால நின்ன ஸ்கூட்டருக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்திருந்தது யூனிஃபார்ம் போட்ட ஒரு குட்டிப் பொண்ணு. அன்னிக்கு ராத்திரி பையன் தூங்கவே இல்லை.

ஏன் அப்படி? எம்.டி. டயர்ல பட்டன்கள் பெருசு, இடைவெளியும் பெருசு. சேறு அப்பிக்காம வெளியே தெறிக்கத்தான் அந்த இடைவெளி. சேத்துல அது ராஜா! ஆனா தார் ரோட்டுல தரையைத் தொடுற ரப்பர் குறைவு. ஈரத்துல பிடிப்பு குறையும், சத்தம் காதைத் துளைக்கும், மைலேஜ் இறங்கும், சீக்கிரம் தேயும்.

இதுக்கு நேர் எதிர் எச்.டி. எனும் ஹைவே டெரெய்ன். ரோட்டுல வெண்ணெய் மாதிரி போகும். ஆனா எஸ்டேட் பாதையில கூரான கல் பக்கவாட்டைக் கிழிச்சா கதை முடிஞ்சது. அந்த இடத்துல பஞ்சர் ஒட்ட முடியாது பாஸ், டயரையே தூக்கிப் போடணும்.

தினமும் ஆபீஸ், எப்பவாவது காடு மலைன்னு இருக்கிறவங்களுக்கு நடுவுல நிக்கிற ஏ.டி.தான் சரி. ஆல் டெரெய்ன்! அதுலயும் பட்டன் மேல கத்தியால கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கான்னு பாருங்க. மழையில பிடிச்சு நிறுத்த அதுதான் உதவும்.

கடையில கவனிக்க...

* டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். ‘2325’னா 2025-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ரொம்ப நாள் கிடந்த சரக்குன்னா ‘நோ’ சொல்லுங்க.

* பெருசா மாட்டணும்னு ஆசையா? 245/75 ஆர்16 இருந்த இடத்துல 265/75 ஆர்16 போட்டா விட்டம் 30 மி.மீ. கூடும். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது நிஜத்துல நீங்க 83-ல போயிட்டு இருப்பீங்க. இழுவையும் குறையும்.

* நாலும் ஒரே சைஸ், ஒரே மாடலா இருக்கட்டும். பாதி புதுசு, பாதி மொட்டைன்னு ஓட்டினா ஃபோர் வீல் போடும்போது கியர் பெட்டிக்குத்தான் அடி.

வாங்கினா மட்டும் போதாது. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுக்குக் காத்து அடிங்க. டயர் மேல இருக்கிற எண் அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீங்க. மணல்ல காத்தைக் குறைச்சு ஓட்டலாம். ரோடு ஏறும் முன்னாடி மறுபடி அடிச்சே ஆகணும். 8,000 - 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாத்திப் போடுங்க. பள்ளத்துக்குள்ள தெரியிற சின்ன மேடு வரை தேஞ்சுட்டா, மிச்சம் 1.6 மி.மீ.தான். டாட்டா சொல்லிடுங்க!

நண்பன் இப்போ ஏ.டி.க்கு மாறிட்டான். ‘‘கெத்து குறைஞ்சிடுச்சே மச்சி?’’னு கலாய்ச்சேன். ‘‘நிக்க வேண்டிய இடத்துல நிக்குதுல்ல... அதுதான்டா கெத்து!’’ன்னான். கரெக்ட்தானே?