இராசிபலனுக்கு இடமுண்டு!

மசினகுடியில் காலையில் நாளேடு வருகிறது; நண்பகலில், அந்த ஏட்டுக்கு நாம் அனுப்பிய கட்டுரை திரும்பி வருகிறது. “பொதுமக்கள் ஆர்வத்துக்கு உரியதன்று” என்று ஒரே வரி!

எழுதியது என்ன? 2021-இல் கூடலூர், மசினகுடிக் காடுகளில் டி-23 எனும் புலியை 21 நாள் தேடினரே, அன்று தடம் கண்டு வழிகாட்டிய பழங்குடிக் காவலர்களின் வாழ்வு! புலியின் எண்ணை நாடறியும். அவர்தம் பெயரை அறியுமா?

நாளேட்டைப் புரட்டுகிறோம். அரைப்பக்கம் இராசிபலன்! சனி எங்கே பெயர்கிறான் என்பது மக்களுக்கு உரியதாம். இருளரும் குறும்பரும் எவ்வாறு வாழ்கின்றனர் என்பது உரியதன்றாம்! நடை பிழையெனில் திருத்திக்கொள்வோம். மக்களே பிழையென்றால், எதைத் திருத்துவது? இது இடப் பஞ்சமா? இல்லை, எண்ணப் பஞ்சம்!

தோழர்களே! பிறர் ஏட்டின் வாயிலில் காத்துக் கிடந்தா சுயமரியாதைக் கொள்கை வளர்ந்தது? 1925-இல் ஈரோட்டில் பெரியார் ‘குடி அரசு’ கண்டார். படிப்பகங்களில் ஒருவர் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர்.

அவ்வழி நமக்கும் உண்டு. திரும்பி வந்த தாளை இன்று மாலை அக்காவலர்களின் குடியிருப்பிலேயே உரக்கப் படிப்போம். பிழையிருப்பின் அவர்கள் திருத்தட்டும். அவர்களே நமக்கு ஆசிரியர்கள்!