76.5 கோடி டாலர் வீரர் இருந்தும் மெட்ஸ் வெளியே நின்றது ஏன்? ஒரு ரசிகரின் பிட்சிங் கணக்கு

2025 செப்டம்பர் 28. பேஸ்பால் லீக் சுற்றின் கடைசி நாள். நியூயார்க் மெட்ஸ் அணி மயாமியில் ஒரே ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் போதும், பிளே ஆஃப் வாய்ப்பு கையில் வந்திருக்கும். போட்டியில் இருந்த சின்சினாட்டி ரெட்ஸ் அன்று தோற்றுப்போய் வழியும் விட்டது. ஆனால் மெட்ஸ் 0-4 என்று தோற்றது. இரண்டு அணிகளும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக நின்றன. நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் ரெட்ஸ் கை ஓங்கியிருந்ததால் ரெட்ஸ் உள்ளே, மெட்ஸ் வெளியே.

வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்த அணி இது. அதற்கு முந்தைய டிசம்பரில் ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து எடுத்த அணி. பேஸ்பால் வரலாற்றில் அதைவிடப் பெரிய ஒப்பந்தம் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலைமை? இந்த ஆஃப்சீசனில் அணி நிர்வாகம் செய்திருக்கும் மாற்றங்கள் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறதா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சோட்டோ சொதப்பினாரா?

இல்லவே இல்லை. 43 ஹோம் ரன், 38 ஸ்டீல். வாங்கிய காசுக்கு அவர் ஆடிக்காட்டினார். தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறியபோது அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் எல்லாம் ஆகஸ்டுக்குள் அமைதியாகிவிட்டார்கள்.

அப்போ ஓட்டை எங்கே? ஜூன் 12-ம் தேதிக் கணக்கைப் பாருங்கள். அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த லீக்கிலும் அதுதான் சிறந்த கணக்கு. அதே நாளில் அணியின் முதன்மை பிட்சர் கோடாய் செங்காவுக்கு முதல் பேஸில் ஒரு பந்தைப் பிடிக்கப்போய் தொடை தசை பிடித்துக்கொண்டது. அதுவரை அவருடைய ஈஆர்ஏ 1.47. அதாவது 9 இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக ஒன்றரை ரன்கூட இல்லை. அன்றிலிருந்து கடைசி நாள் வரை மெட்ஸின் கணக்கு 38 வெற்றி, 55 தோல்வி.

ஒரே ஒரு பிட்சர் விழுந்ததால் ஓர் அணியே சரிந்ததா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் விழுந்தபோது அந்த இடத்தில் நிறுத்த ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

பிட்சிங்கில் ஏன் இவ்வளவு பேர் வேண்டும்?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. டி20-யில் ஒரு பவுலருக்கு 4 ஓவர்தான். அடுத்த ஆட்டம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் இருக்கும். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஏறத்தாழ தினமும் ஆட்டம். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்றால் மொத்தம் 1458 இன்னிங்ஸ். இவ்வளவையும் யாராவது வீசியே ஆக வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். ஒருமுறை 90, 100 பந்து வீசினால் அடுத்த நான்கைந்து நாள் அவருக்கு ஓய்வு. அதனால் ஐந்து பேர் சுற்றுமுறையில் வருவார்கள். இதுதான் ரொட்டேஷன். ஐந்து பேரும் ஆளுக்கு 32 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 இன்னிங்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் 800 இன்னிங்ஸ்தான் வரும். மிச்சம் 650-க்கு மேல் ரிலீவர்கள் தலையில் விழும். ஸ்டார்ட்டர் ஆறாவது இன்னிங்ஸ் வரை போனால் ரிலீவர்கள் தப்பிப்பார்கள். நான்காவது இன்னிங்ஸிலேயே அவர் இறங்கிவிட்டால் அன்றைக்கும் சேதம், அடுத்த நாளைக்கும் சேதம்.

இதோடு காயமும் சேர்ந்துகொள்கிறது. 2008-ல் ஒரு சராசரி வேகப்பந்து மணிக்கு சுமார் 147 கி.மீ. 2024-ல் அது 151-ஐத் தாண்டிவிட்டது. வேகம் கூடக்கூட முழங்கைத் தசைநார் அறுந்துபோவதும் கூடுகிறது. அதைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போனால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எனவே ஐந்து ஸ்டார்ட்டர் வேண்டும் என்றால் எட்டுப் பேரை வைத்திருக்க வேண்டும். இது இன்றைக்கு எல்லா அணிகளுக்கும் தெரிந்த கணக்கு.

அப்படியென்றால் மெட்ஸ் எங்கே தவறியது?

சோட்டோவுக்கு வாரிக் கொடுத்த அதே குளிர்காலத்தில் பிட்சிங்குக்கு அணி செய்தது என்ன தெரியுமா? ஃப்ராங்கி மொன்டாஸுக்கு 2 ஆண்டு, 3.4 கோடி டாலர். ஷான் மனாயாவுக்கு 3 ஆண்டு, 7.5 கோடி. ரிலீவராக இருந்த கிளே ஹோம்ஸை 3 ஆண்டு, 3.8 கோடிக்கு எடுத்து ஸ்டார்ட்டராக மாற்றும் முயற்சி. ஓராண்டு ஒப்பந்தத்தில் கிரிஃபின் கேனிங். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், எல்லாமே 'ஒர்க் அவுட் ஆனா நல்லது' ரகம்.

ஹோம்ஸ் நிஜமாகவே ஒர்க் அவுட் ஆனார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மொன்டாஸும் மனாயாவும் சீசன் தொடங்குவதற்கு முன்பே காயத்தில் படுத்தார்கள். கேனிங்குக்கு ஜூனில் குதிகால் தசைநார் அறுந்தது. மொன்டாஸ் திரும்பி வந்து, முழங்கை போய், மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போனார். செங்கா காயத்திலிருந்து வந்தும் பழைய செங்காவாக வரவில்லை. செப்டம்பரில் அவரே சம்மதித்து மைனர் லீக் அணிக்குப் போனார். முழு சீசனில் 150 இன்னிங்ஸைத் தாண்டியவர்கள் டேவிட் பீட்டர்சன், ஹோம்ஸ் இருவர் மட்டுமே. அவர்கள் இருவரும் சேர்ந்து வீசியது சுமார் 334 இன்னிங்ஸ். மிச்சம் 1100-ஐ யார் வீசுவது? அந்த சீசனில் மெட்ஸுக்காகப் பந்து வீசியவர்கள் 40 பேருக்கு மேல்.

ஜூலை 31-ம் தேதி டிரேட் கெடு வந்தபோது இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கிடைத்தது. நிர்வாகம் மூன்று ரிலீவர்களை வாங்கியது. ஸ்டார்ட்டர் ஒருவரைக்கூட வாங்கவில்லை. வாங்கிய ரயன் ஹெல்ஸ்லியின் ஈஆர்ஏ மெட்ஸ் சட்டையில் 7.20. தொட்டி ஒழுகும்போது அடியில் வைக்கிற பாத்திரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படி?

டாட்ஜர்ஸ் மட்டும் எப்படித் தப்பித்தது?

'டாட்ஜர்ஸிடம் காசு இருக்கிறது, அதனால் ஜெயிக்கிறார்கள்' என்பது எளிதான பதில். காசு மெட்ஸிடமும் இருக்கிறது. வித்தியாசம் எதில் போடுகிறார்கள் என்பதில்தான்.

டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் யோஷினோபு யமமோட்டோவுக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த குளிர்காலத்தில் பிளேக் ஸ்னெல்லுக்கு 5 ஆண்டு, 18.2 கோடி. கூடவே ஜப்பானிலிருந்து ரோகி சசாகி. இது தவிர பந்தும் வீசுகிற ஓட்டானி. இவர்களுக்கும் காயம் வரத்தான் செய்தது. ஸ்னெல் 2025 லீக் சுற்றில் 11 ஆட்டம்தான் தொடங்கினார். சசாகி மாதக்கணக்கில் வெளியே இருந்தார். ஆனால் அக்டோபர் வரும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். யமமோட்டோ உலகத் தொடரின் 6-வது ஆட்டத்தில் 96 பந்து வீசி ஜெயித்துக் கொடுத்து, மறுநாளே 7-வது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து டொரோண்டோவை முடித்துவைத்தார். அதைப் பார்த்தபோது மெட்ஸ் ரசிகனாக எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்?

அதே டாட்ஜர்ஸ் ரிலீவர் விஷயத்தில் சறுக்கியதையும் சொல்லியாக வேண்டும். 4 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் வாங்கிய டேனர் ஸ்காட்டின் ஈஆர்ஏ 4.74. எனவே பெரிய தொகை கொடுத்தால் பெரிய பலன் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நல்ல ஸ்டார்ட்டர்கள் அதிகம் இருந்தால் மற்ற சறுக்கல்களைத் தாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த ஆஃப்சீசனில் மெட்ஸ் செய்தது என்ன?

முதலில் போனவர்கள். அணியின் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்த பீட் அலோன்சோ 5 ஆண்டு, 15.5 கோடி டாலருக்கு பால்டிமோர் போய்விட்டார். கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் குளோசர் எட்வின் டியாஸ் 3 ஆண்டு, 6.9 கோடிக்கு டாட்ஜர்ஸுக்கே போனார். பிராண்டன் நிம்மோவை டெக்சாஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினார்கள்.

வந்தவர்களில் டியாஸ் இடத்துக்கு டெவின் வில்லியம்ஸ், அவரோடு லூக் வீவர். பேட்டிங்குக்கு ஜார்ஜ் பொலாங்கோ, பிறகு 3 ஆண்டு, 12.6 கோடி டாலருக்கு போ பிஷெட். ஸ்டார்ட்டர் என்று பார்த்தால் ஜனவரியில் மில்வாக்கியிடமிருந்து வாங்கிய ஃப்ரெடி பெரால்ட்டா.

பெரால்ட்டா அருமையான தேர்வு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025-ல் 33 ஆட்டம், 17 வெற்றி, ஈஆர்ஏ 2.70. அதைவிட முக்கியம், அவர் சீசன் முழுக்க நின்று வீசினார். 2026-ல் அவர் சம்பளம் வெறும் 80 லட்சம் டாலர்.

இந்த 80 லட்சம் ஏன் முக்கியம் என்றால், அதன் பின்னால் வரி இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் ஐபிஎல் போல உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். மெட்ஸ் போலத் தொடர்ந்து தாண்டுகிற அணிக்கு உச்ச அடுக்கில் 110 சதவீதம். ஒரு டாலர் கொடுத்தால் கையைவிட்டுப் போவது 2 டாலர் 10 சென்ட். சந்தையில் இருந்த ஃப்ராம்பர் வால்டெஸ் 3 ஆண்டு, 11.5 கோடிக்கு டெட்ராய்ட் போனார். அவரை மெட்ஸ் எடுத்திருந்தால் வரியோடு ஆண்டுக்கு 7 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கும். பெரால்ட்டாவுக்கு ஆகப்போவது வரியோடு சுமார் 1.7 கோடிதான்.

அப்போ கணக்கு சரிதானே?

பாதி சரி. மீதிப் பாதியில்தான் என் கேள்விகள்.

ஒன்று, வரிக்குப் பயந்துதான் பிட்சர் பக்கம் போகவில்லை என்றால், ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் சராசரியில் பிஷெட் எப்படி வந்தார்? அதற்கும் அதே 110 சதவீதம்தானே! 'ரன்களைத் தடுப்பதுதான் முதல் வேலை' என்று சொல்லிவந்த நிர்வாகம், ஷார்ட்ஸ்டாப்பாகவே ஆடிப் பழகிய ஒருவரை மூன்றாவது பேஸில் நிறுத்தப்போகிறது. பேட்டருக்கு என்றால் பர்ஸ் திறக்கிறது, ஸ்டார்ட்டருக்கு என்றால் மூடிக்கொள்கிறது.

இரண்டு, பெரால்ட்டா 2026 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட். யாரோடு வேண்டுமானாலும் போகலாம். அவருக்காக ஜெட் வில்லியம்ஸையும், போன செப்டம்பரில்தான் அறிமுகமான இளம் பிட்சர் பிராண்டன் ஸ்ப்ரோட்டையும் கொடுத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கக்கூடிய ஒரு பிட்சரைக் கொடுத்து, ஓராண்டு பிட்சரை வாங்கியிருக்கிறோம்.

மூன்று, மற்றவர்கள். நோலன் மெக்லீன் ஆகஸ்டில் வந்து 8 ஆட்டங்களில் 2.06 ஈஆர்ஏ காட்டினார். பிரமாதம். ஆனால் அவர் இன்னும் ஒரு முழு சீசன் மேஜர் லீக்கில் ஆடியதில்லை. செங்கா எந்த செங்காவாக வருவார் என்பது தெரியாது. மனாயாவுக்கு வயது 34. ஹோம்ஸ் போன ஆண்டு 165 இன்னிங்ஸ் வீசினார். அவர் உடம்புக்கு அது புதிய சுமை. பீட்டர்சன் இரண்டாம் பாதியில் களைத்துப்போனார். ஆறு பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கை சொல்கிறது. நம்பி இன்னிங்ஸைக் கொடுக்கலாம் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

மறுபக்க வாதம் என்ன?

பேஸ்பால் நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டேர்ன்ஸ் மெட்ஸுக்கு வந்தபிறகு எந்த பிட்சருக்கும் 3 ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்ததில்லை. முப்பதைத் தாண்டிய பிட்சருக்கு ஆறேழு வருடம் கொடுத்தால் கடைசி மூன்று வருடம் தண்டம் என்பது இந்தத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டைலன் சீஸுக்கு 7 ஆண்டு, 21 கோடி கொடுத்த டொரோண்டோ 2031-ல் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் கடைசி மூன்று வருட நஷ்டத்துக்குப் பயந்து முதல் மூன்று வருட லாபத்தையும் விட்டுவிட்டால், அந்த இடைவெளியை யார் நிரப்புவது? 2025-ல் அதை நிரப்ப 40 பேர் வந்தும் ஒரு வெற்றி குறைந்தது. ஒரே ஒரு வெற்றி.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, பெரால்ட்டாவுக்கு நீண்ட ஒப்பந்தம் வருகிறதா என்பது. வந்தால் இந்த டிரேட் லாபம். வராவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் இதே கட்டுரையை வேறு பெயர்கள் போட்டு எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது, மெக்லீனை எத்தனை இன்னிங்ஸ் வீச வைக்கிறார்கள் என்பது. ஆள் பற்றாக்குறையில் அவர் கையை உடைத்துவிட்டால் அது பத்து வருட நஷ்டம். மூன்றாவது, ஜூலை கெடுவில் மறுபடி ரிலீவர்களையே தேடுகிறார்களா, ஒரு ஸ்டார்ட்டரைப் பிடிக்கிறார்களா என்பது.

மெட்ஸ் கடைசியாக உலகத் தொடரை ஜெயித்தது 1986-ல். சோட்டோ அப்போது பிறக்கவே இல்லை. அவர் ஒப்பந்தத்தில் இன்னும் 14 வருடம் பாக்கி இருக்கிறது என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் அவர் இப்போது ஆடுகிற மாதிரி 14 வருடமும் ஆட மாட்டார். நல்ல வருடங்கள் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.